மறைக்காமல் சொன்ன வாழ்க்கைகள்

நம் வீடுகளில் பெரியவர் ஒருவர் காலமாகி ஓராண்டு நிறைவுறும்போது, மக்களும் மருமக்களும் கூடி ஒரு நினைவு மலர் வெளியிடுவது வழக்கமாயிருக்கிறது. அட்டையில் அவருடைய படம். உள்ளே அவர் பிறந்த ஊர், படித்த பள்ளி, வகித்த உத்தியோகம், பெற்ற மக்கள், கட்டிய வீடு, கோவிலுக்குச் செய்த நன்கொடை ஆகியவை வரிசையாய் இருக்கும். அவர் எவரையும் கடிந்து பேசியதில்லை என்றும், எக்காலத்தும் பொறுமையின் வடிவாகவே விளங்கினார் என்றும் அதிலே எழுதியிருப்பார்கள். அவரோடு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த மனைவி அந்த வரியைப் படித்துவிட்டு மெல்லச் சிரித்துக்கொள்வதும் உண்டு.

இறந்தவரைப் புகழ்வது நல்ல வழக்கமே. அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் உண்மையில் முன்கோபியாக இருந்திருக்கலாம். அந்தக் கோபத்தால் உடன்பிறந்தவரோடு பத்தாண்டுகள் பேசாமலிருந்து, பின்னர் ஒரு நாள் தாமே அவர் வீட்டுப் படியேறிச் சென்று சமாதானம் செய்துகொண்டிருக்கலாம். அவருடைய பேரனுக்கும் அதே கோபம் வாய்த்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தன்னைப்போலவே கோபக்காரராயிருந்த தாத்தா அதை எவ்வாறு வென்றார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு துணையாயிருக்கும்! நினைவு மலரோ, கோபமே அறியாத ஒருவரை அவனுக்குக் காட்டுகிறது. அவன் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இது எனக்கு எட்டாதது என்று மூடி வைத்துவிடுகிறான்.

வாழ்க்கை வரலாறுகளும் சுயசரிதைகளும் உலகில் எண்ணிறந்தவை. அவற்றுள் எவற்றை நம் குடும்பங்களுக்குப் பரிந்துரைக்கலாம் என்று கேட்டால், நாம் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்று உண்டு. எழுதியவர் தமக்கோ தம்மைச் சார்ந்தவருக்கோ பெருமை தராததையும் எழுதத் துணிந்தாரா என்பதே அது. அந்த அளவுகோலில் தேறிய ஆறு நூல்களை இங்கே அறிமுகம் செய்கிறோம். நாடும் காலமும் நிலையும் வெவ்வேறான ஆறு பேர் தம் கையால் எழுதியவை இவை.

ஓர் ஆயரும் சில பேரிக்காய்களும்

முதலாவது நூல் மிகப் பழையது. வட ஆப்பிரிக்காவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் 354ஆம் ஆண்டு பிறந்த அகுஸ்தினார், ஹிப்போ நகரின் ஆயரான சில காலத்திற்குள், ஏறத்தாழ 397க்கும் 400க்கும் இடையில், தம் வாழ்வைப் பதின்மூன்று பாகங்களில் எழுதினார். மக்கள் தம்மைப் பெரியவரென்று வணங்கத் தொடங்கியிருந்த வேளையில் அவர் எழுதியது, தாம் எவ்வாறெல்லாம் தவறினார் என்பதைத்தான்.

பதினாறு வயதில் தோழர்களோடு சேர்ந்து இரவில் அயலாரின் மரத்திலிருந்து பேரிக்காய்களைத் திருடியதை அவர் விரிவாய்ச் சொல்கிறார். அவருக்குப் பசியில்லை, தம்மிடம் அதனினும் நல்ல காய்கள் இருந்தன. திருடிய காய்களில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். அப்படியானால் எதற்காகத் திருடினோம்? இந்த ஒரு கேள்வியை அவர் எளிதில் விடவில்லை. தீமை செய்வதிலேயே ஓர் இன்பம் இருந்தது என்றும், தனியாயிருந்தால் அதைச் செய்திருக்கமாட்டோம், கூட்டாளிகள் இருந்ததால் செய்தோம் என்றும் ஆராய்ந்து காண்கிறார். வளர்ந்த பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு இந்தப் பகுதியில் கற்க வேண்டியது நிறைய உண்டு.

அகுஸ்தினார் தம் தாயின் நினைவையும் மெருகிட்டுக் காட்டவில்லை. மோனிக்கம்மாளின் கண்ணீரையும் பொறுமையையும் நாம் அறிவோம். அந்த அம்மையார் சிறுமியாயிருக்கையில், வீட்டாருக்குத் திராட்சை இரசம் எடுத்துவரப் போகுமிடத்தில் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாய்ப் பருகிப் பழகி, பின் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கும் அளவுக்குப் போனதையும், வேலைக்காரப் பெண் ஒருத்தி சண்டையில் அதைச் சொல்லிக் குத்திக் காட்டியபோது வெட்கி அன்றே விட்டுவிட்டதையும் மகனே எழுதி வைத்திருக்கிறார். மோனிக்கம்மாளிடம் நமக்குள்ள மதிப்பு இதனால் குறைந்துவிட்டதா? பக்கத்து வீட்டு அம்மாளைப்போல் அவர் நமக்கு அண்மையராகிவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மனந்திரும்பியதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் கதையை முடிக்கவில்லை. பத்தாம் பாகத்தில், ஆயராயிருக்கும் தம்மை இன்றைக்கும் எந்தெந்த ஆசைகள் இழுக்கின்றன என்று கணக்கெடுக்கிறார். புகழ்ச்சியைக் கேட்க மனம் விரும்புவதையும் அக்கணக்கில் சேர்த்துவிடுகிறார்.

அக்காள் திருத்திய கையெழுத்து

அகுஸ்தினார் தாமே எழுதித் தாமே வெளியிட்டார். எழுதியவர் இறந்த பின் உறவினர் கைக்குப் போன ஒரு நூலின் கதை வேறு விதமானது.

பிரான்சு நாட்டில் 1873இல் பிறந்து, நான்காம் வயதில் தாயை இழந்து, பதினைந்தாம் வயதில் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்து, 1897இல் இருபத்துநான்கு வயதில் காசநோயால் இறந்த சிறுமலர் தெரேசாளை அறியாத கத்தோலிக்க வீடு இராது. அதே மடத்தில் தலைவியாயிருந்த அவருடைய அக்காள் பவுலின் கேட்டுக்கொண்டதால் தெரேசாள் தம் இளமை நினைவுகளை எழுதினார். பின்னர் வேறு இரு சகோதரிகளுக்காக மேலும் இரு பகுதிகளை எழுதினார். அவர் இறந்து சரியாக ஓராண்டு நிறைவுற்றபோது, 1898இல், அவை ஒரே நூலாய் வெளிவந்தன. இரண்டாயிரம் பிரதிகளோடு தொடங்கிய அந்நூல் விரைவில் உலகெங்கும் பரவியது.

ஆனால் அச்சில் வந்தது தெரேசாள் எழுதியபடியே இருக்கவில்லை. வெவ்வேறு மூவருக்கு எழுதிய பகுதிகள், அப்போதைய மடத்தலைவி ஒருவருக்கே எழுதியவைபோல் மாற்றப்பட்டன. அக்காள் ஆயிரக்கணக்கான இடங்களில் சொற்களைத் திருத்தினார். சில பகுதிகளை நீக்கினார். திருத்தும் உரிமையைத் தங்கையே அவருக்குக் கொடுத்திருந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது. தங்கை எழுதியதை ஊரார் குறை சொல்லிவிடக் கூடாதே என்ற அன்புதான் அக்காளின் பேனாவை நடத்தியது. தெரேசாளின் படங்களுங்கூட அவ்வாறே மெருகேற்றப்பட்டுத்தான் முதலில் மக்களிடம் போயின.

1956ஆம் ஆண்டு மூலக் கையெழுத்து உள்ளது உள்ளபடி வெளியிடப்பட்டது. கண்டவர்கள் வியந்தார்கள். பூக்கூடையும் புன்னகையுமாய் மட்டும் அறியப்பட்ட பெண் அதில் இன்னும் உறுதியானவராய்த் தெரிந்தார். குழந்தைப் பருவத்தில் இல்லை என்று சொல்லிவிட்டால் எதற்கும் வளையாத பிடிவாதக்காரியாக இருந்ததைத் தாயின் கடிதத்தைக் கொண்டே காட்டுகிறார். தியான வேளையில் தூங்கிவிடுவதை ஒளிக்காமல் சொல்கிறார். தியானத்தின்போது பின்னாலிருந்த சகோதரி ஒருவர் ஓயாமல் எழுப்பிய சிறு ஓசை தமக்கு வியர்த்துப்போகும் அளவுக்கு எரிச்சலூட்டியதையும், திரும்பிப் பார்த்து அவரை அடக்கிவிடத் துடித்ததையும், அந்த ஓசையையே இசையாக எண்ணிக் கேட்க முயன்றதையும் எழுதுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, வாழ்வின் இறுதி ஒன்றரை ஆண்டில் விசுவாசமே இருண்டுபோய், மரணத்திற்கு அப்பால் ஒன்றுமில்லையோ என்ற எண்ணம் தம்மை வதைத்ததைச் சொல்கிறார். படுக்கையில் கிடக்கும் நோயாளி ஒருவருக்கு, இருளை அறியாத புனிதையைவிட, அந்த இருளில் கிடந்தவர் அல்லவா தோழியாவார்?

ஆகவே இந்நூலை வாங்குவோர், மூலக் கையெழுத்தைத் தழுவிய மொழிபெயர்ப்பா என்று பார்த்து வாங்குவது நன்று.

சொல்லாமல் விட்டதற்கும் காரணம் உண்டு

உண்மையெல்லாம் உடனே சொல்லப்பட வேண்டும் என்று இதனால் ஆகிவிடாது. மௌனத்திலும் வகை உண்டு என்பதை அமெரிக்க அடிமை ஒருவர் நமக்குக் கற்பிக்கிறார்.

பிரெடரிக் டக்ளஸ் என்பவர் மேரிலாந்து மாநிலத்தில் 1818இல் அடிமையாய்ப் பிறந்தார். தாம் பிறந்த நாள் எது என்று அவருக்குத் தெரியாது. வேறொரு பண்ணையில் வேலை செய்த அவருடைய தாய், பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் பன்னிரண்டு மைல் நடந்து வந்து மகனருகே படுத்திருந்து, விடியுமுன் திரும்பிப் போய்விடுவார். தம் வாழ்நாளில் நான்கைந்து முறைக்குமேல் தாயைக் கண்டதில்லை என்கிறார் டக்ளஸ்.

பால்டிமோர் நகரில் அவரை வைத்திருந்த வீட்டின் எசமானி இரக்கமுள்ளவராயிருந்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். கணவர் தடுத்தார், படிப்பு வந்தால் அடிமை அடிமையாயிருக்கமாட்டான் என்றார். அந்தச் சொல்லே சிறுவனுக்கு வழிகாட்டியாயிற்று. தெருவிலிருந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு வீட்டு ரொட்டியைக் கொடுத்து, பதிலுக்கு அவர்களிடம் பாடம் கற்றான். நல்லவராயிருந்த எசமானி நாளடைவில் கடுமையானவராய் மாறியதையும் டக்ளஸ் எழுதுகிறார். அடிமைத்தனம் அடிமையைக் கெடுத்ததுபோல் உடைமையாளரையும் கெடுத்தது என்பது அவர் கண்ட உண்மை.

1838இல் அவர் தப்பி ஓடினார். 1845இல் தம் முதல் சுயசரிதையை வெளியிட்டார். அதில் எசமானர்களின் பெயர்களையும் ஊர்களையும் அஞ்சாமல் எழுதினார். அதனால் மீண்டும் பிடிபடும் ஆபத்து வந்தது. அயர்லாந்து, இங்கிலாந்து நாடுகளுக்குச் சென்று ஏறத்தாழ இரண்டாண்டு தங்க நேர்ந்தது. அங்கிருந்த அன்பர்கள் பணம் திரட்டி 1846இல் அவருடைய விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள்.

இவ்வளவும் எழுதியவர் இரண்டு செய்திகளை மட்டும் எழுதவில்லை. தமக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்த சிறுவர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. தாம் தப்பிய விதத்தையும் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சிறுவர்களுக்குத் தொல்லை வரும். அதே வழியில் தப்ப எண்ணும் பிற அடிமைகளுக்கு வழி அடைபட்டுவிடும். 1865இல் அடிமைமுறை ஒழிந்து, மேலும் பல ஆண்டுகள் கழிந்த பின், 1881இல் எழுதிய மூன்றாம் சுயசரிதையில்தான், மாலுமியைப்போல் உடை அணிந்து, மாலுமி ஒருவரின் சான்றிதழை இரவல் பெற்று இரயிலேறியதைச் சொன்னார். தன் மானத்தைக் காக்கும் மௌனம் வேறு, பிறர் உயிரைக் காக்கும் மௌனம் வேறு என்று இதிலிருந்து தெளிகிறோம்.

கிறிஸ்தவ வாசகர்களுக்கு இந்நூலில் மனத்தை உறுத்தும் பகுதியும் உண்டு. அவருடைய எசமானர் ஒருவர் 1832இல் ஒரு செபக் கூட்டத்தில் மனந்திரும்பியதாகச் சொல்லப்பட்டபோது, இனி இரக்கம் பிறக்கும் என்று அடிமைகள் எதிர்பார்த்தார்களாம். நேர்ந்ததோ மறுதலை. அவர் முன்னிலும் கொடியவராகி, தம் கொடுமைக்கு மறைநூலையே ஆதாரமாகக் காட்டினார். இதைப் படிக்கும்போது நமக்குக் கோபம் வருமாயின், அது டக்ளஸின்மீது வர வேண்டிய கோபம் அன்று.

தந்தை படித்த நாட்குறிப்பு

பிள்ளைகளுக்கு ஏற்ற நூல் எது என்று கேட்போருக்கு ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமியின் நாட்குறிப்பைக் காட்டுகிறோம். செர்மனியின் பிராங்பர்ட் நகரில் 1929இல் பிறந்த ஆன், பதின்மூன்றாம் பிறந்தநாளில் ஒரு குறிப்பேட்டைப் பரிசாகப் பெற்றாள். அடுத்த மாதமே, 1942 ஜூலையில், நாசிகளுக்கு அஞ்சி அவள் குடும்பம் ஆம்ஸ்டர்டாம் நகரில் தந்தையின் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்துகொண்டது. எட்டுப் பேர் இரண்டாண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். 1944 ஆகஸ்டு 4ஆம் நாள் பிடிபட்டார்கள். 1945இன் தொடக்கத்தில் பெர்கன்பெல்சன் முகாமில் ஆன் இறந்தாள். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் தந்தை ஆட்டோ ஒருவரே.

அவர்களுக்கு உணவு கொண்டுவந்து உதவிய அலுவலகப் பெண் மீப் கீஸ், சிதறிக் கிடந்த தாள்களைப் படிக்காமலே எடுத்துப் பூட்டி வைத்திருந்து, ஆன் திரும்பமாட்டாள் என்று தெரிந்த நாளில் தந்தையிடம் ஒப்படைத்தார். மகளின் கையெழுத்தைப் படித்த தந்தை, தாம் அறிந்திராத ஒரு பெண்ணை அதிலே கண்டார். தாயைப்பற்றி அவள் கடுமையாக எழுதியிருந்தாள். வளரும் தன் உடலைப்பற்றி எழுதியிருந்தாள். ஒரே கூரையின்கீழ் அடைபட்டவர்கள் உணவுக்கும் இடத்துக்குமாகப் பிணங்கியதை ஒன்றும் விடாமல் எழுதியிருந்தாள். 1947இல் நூலை வெளியிட்டபோது தந்தை அவற்றுள் சிலவற்றை நீக்கினார். இறந்துபோன மனைவியின் மானமும் அவர் காக்க வேண்டியதாயிருந்ததே! அவரை நாம் குறைசொல்ல மனம் வருமா?

ஆயினும் எல்லாத் தாள்களையும் அவர் அழியாமல் காத்தார். அதனால்தான் 1986இல் விரிவான ஆய்வுப் பதிப்பு அறிஞர்களால் வெளியிடப்பட்டது. தாயிடம் சினந்து எழுதிய ஆன், பின்னொரு நாள் அந்தப் பக்கங்களைத் தானே திருப்பிப் படித்து, இவ்வளவு கடுமையாகவா எழுதினோம் என்று வருந்தியதும் நாட்குறிப்பிலேயே இருக்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணும் அவள் தாயும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் தவிக்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா? தாயும் மகளும் தனித்தனியே இந்நூலைப் படித்துவிட்டுப் பின் பேசிப் பார்க்கலாம்.

தமிழ்த் தாத்தா கேட்ட கேள்வி

தூர தேசங்களிலிருந்து நம் மண்ணுக்கு வருவோம். சுவடிகளில் மறைந்து கிடந்த சங்க நூல்களையும் காப்பியங்களையும் அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855இல் பிறந்தவர், உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர். தம் எண்பத்தைந்தாம் வயதில், 1940இல், ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறையும்வரை வந்து, முற்றுப்பெறாமல் நின்றுபோன அந்தத் தொடர் 1950இல் நூலாயிற்று. பக்கங்கள் மிகுதி என்று அஞ்ச வேண்டாம். நூற்றிருபத்திரண்டு சிறு அதிகாரங்கள்; நாளைக்கு ஒன்றாய்ப் படித்தால் நான்கு மாதங்களில் முடிந்துவிடும்.

இந்நூலின் உச்சமென்று நாம் கருதும் இடம், ஆசிரியர் தம் அறியாமையைச் சொல்லும் இடமே. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்திருந்த அவர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை, அவற்றால் என்ன பயன் என்ற பொருள்படப் பேசினார். சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். சாமிநாதையர் அவற்றைப் படித்திருக்கவில்லை. பேர்பெற்ற புலவர் ஒருவர் முதுமையில் சுயசரிதை எழுதும்போது, இந்தச் சந்திப்பை வேறு விதமாக எழுதியிருக்க முடியாதா? எழுதினால் மறுக்க அங்கே யாருமில்லை. அவரோ அன்று தம் கர்வம் அடங்கியதை அப்படியே எழுதினார். அந்தக் கேள்வியிலிருந்தே 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்புப் பிறந்தது.

சிந்தாமணி சமண காப்பியம். சைவ மடத்தில் பயின்ற அவருக்கு அதன் சமயக் கருத்துகள் விளங்கவில்லை. எனவே கும்பகோணத்திலிருந்த சைனர் வீடுகளுக்குச் சென்று, மாணவனைப்போல் கேட்டுத் தெரிந்துகொண்டார். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தெய்வமாய்ப் போற்றும் இவர், அவர் கடன்பட்டு வருந்தியதை மறைக்கவில்லை. அந்த ஆசிரியரிடம் கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளை என்பவர் மாணாக்கராயிருந்து, அவருடனேயே வாழ்ந்து தொண்டு செய்து வந்ததையும் இந்நூலில் நன்றியோடு குறித்திருக்கிறார்.

நம் வீட்டுக் கதை

கடைசியாய்ச் சொல்லும் நூல் நமக்கு மிக அண்மையது. ஆதலால் படிக்கக் கடினமானது. பாமா எழுதிய ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. தென்தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில், தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியையாகி, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறிய ஒரு பெண்ணின் வரலாறு இது. தம் ஊர்ப் பேச்சு மொழியிலேயே எழுதியிருக்கிறார். பனங்கருக்கின் இரு புறமும் அறுக்கும் என்பதை நம் கிராமத்தார் அறிவர். தலைப்புக்குப் பொருள் அதுவே.

பள்ளிச் சிறுமியாயிருந்தபோது கண்ட ஒரு காட்சியை அவர் சொல்கிறார். தம் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு போய், நிலக்காரரிடம் பணிந்து நீட்டினார். சிறுமிக்கு அது வேடிக்கையாய்ப்பட்டது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால் அவர் அப்படிப் பிடித்தார் என்று விளக்கினார். சிறுமியின் சிரிப்பு அன்றோடு நின்றது. நன்றாய்ப் படி, படித்தால் மதிப்பு வரும் என்று அதே அண்ணன் பின்னர் கூறியதையும் அவர் பற்றிக்கொண்டார்.

கோவிலிலும் பள்ளியிலும் மடத்திலும் தாம் கண்ட சாதி வேறுபாட்டையும், ஏழைகளுக்கென்று சொல்லப்பட்ட நிறுவனத்தில் வசதியுள்ளோர் பிள்ளைகளே பேணப்பட்டதையும் பாமா எழுதுகிறார். இது நம்மவரைப்பற்றி நம்மவரே சொன்னது. டக்ளஸ் சொன்ன அமெரிக்க எசமானரைக் கடிந்துகொள்வது நமக்கு எளிது. அது கடலுக்கு அப்பாலுள்ள பழைய கதை. கருக்கைப் படிக்கையில்தான் நம் நேர்மைக்குச் சோதனை. கல்லறையிலும் தெருவிலும் தேர்பவனியிலும் இன்றும் சாதி பார்க்கும் பங்கு ஏதேனும் இருக்குமாயின், அங்கே இந்நூலைப் படிக்காமலிருப்பதற்குச் சொல்லத்தக்க காரணம் ஏதுமில்லை. இளைஞர் குழுவில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கேட்டுக் கலந்து பேசினால் இன்னும் நலம்.

எவ்வாறு படிப்பது?

வாழ்க்கை வரலாறு எதைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். இதைச் சொல்பவர் யார்: தாமா, மகனா, சீடரா, பகைவரா? எப்போது சொல்கிறார்: நிகழ்ந்த அன்றேயா, அறுபது ஆண்டுகள் கழித்தா? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார், எவருக்காக? இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்த பிள்ளை, எதிர்காலத்தில் எந்தத் தலைவரின் புகழ்மாலையையும் கண்ணைத் திறந்துகொண்டு படிக்கும்.

வயதும் பார்க்க வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஆன் பிராங்கும் ‘என் சரித்திர’த்தின் இளமைப் பகுதிகளும் ஏற்றவை. கல்லூரி செல்வோர் டக்ளஸையும் கருக்கையும் படிக்கட்டும். அகுஸ்தினாரின் நூலில் முதல் ஒன்பது பாகங்கள் வரலாறு. எஞ்சியவை ஆழ்ந்த சிந்தனை. முதலில் வரலாற்றை மட்டும் படித்துவிட்டு, மற்றவற்றைப் பின்னொரு காலத்துக்கு வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை. எல்லாவற்றையும் விலைகொடுத்து வாங்க வேண்டுமென்பதும் இல்லை. மாவட்ட நூலகங்களிலும் கல்லூரி நூலகங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். பங்கு நூலகத்திற்கு ஆண்டுக்கு இரண்டு நூல்கள் வாங்கித் தரும் குடும்பங்கள் நான்கு இருந்தால், ஆறும் ஓராண்டில் வந்து சேரும்.

இனி ஒரு வேண்டுகோள். நம் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் கதையைக் கேட்டு எழுதி வைப்போம். எழுபதைக் கடந்த பாட்டி, ஊரை விட்டு எப்போது வந்தார், எந்தப் பஞ்சத்தைக் கண்டார், எந்தப் பிள்ளையை எந்த நோயில் இழந்தார், யாரிடம் கடன்பட்டார், யாரை மன்னிக்க முடியாமல் தவித்தார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லிப் பேரக்குழந்தைகளிடம் கொடுக்கலாம். பாட்டி சொன்ன சொல்லிலேயே எழுதட்டும். பள்ளிக்கூடத் தமிழாக மாற்ற வேண்டாம். உயிரோடிருக்கும் ஒருவருக்குத் துன்பம் தருவது ஏதேனும் இருந்தால், டக்ளஸ் செய்ததுபோல் அதற்குரிய காலம் வரும்வரை வெளியிடாதிருக்கலாம். ஆனால் குறிப்பேட்டைக் கிழித்துவிட வேண்டாம். ஆட்டோ பிராங்க் எந்தத் தாளையும் கிழிக்கவில்லை.

நினைவு மலர் அச்சிடும் நாள் வரும்போது அந்தக் குறிப்பேட்டைத் திறந்து பார்ப்போம். புகழுரைகள் நான்கு பக்கம் இருக்கட்டும். அவற்றோடு, தாத்தா தம் உடன்பிறந்தவர் வீட்டுப் படியேறிய கதைக்கும் அரைப் பக்கம் ஒதுக்குவோம். பேரன் தேடிப் படிக்கப்போவது அந்த அரைப் பக்கத்தையே.